பிரஸ் படியேறும் முன்...

போன வாரம் ஸ்பான்ஸர் பிடிக்கும் வித்தையைப் பார்த்தோம். காசு வந்ததா, இல்லை "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி"னு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாங்களா? எதுவா இருந்தாலும் சரி... சிம்போசியம் தேதி முடிவாகிவிட்டால் அடுத்த வேலை பிரோஷர். அசோசியேஷன் செகரட்டரி மீட்டிங் போட்டு, "மச்சி, போன வருஷம் ஈ.சி.இ. பசங்க அடிச்சதைவிட கெத்தா இருக்கணும்டா" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்கு பில் கட்டப் போவது யார்? டிரஷரர்! இந்த வாரப் பக்கம் முழுக்க அந்த அப்பாவி ஜீவனுக்கு.

பிரஸ்ஸில் போய் நின்று பேரம் பேசினால் காசு மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். "அண்ணே, ஸ்டூடன்ட்ஸ்ணே, பார்த்துப் போடுங்கண்ணே!" அவரும் சிரித்துக்கொண்டே நூறோ இருநூறோ குறைப்பார். அதுக்கு மேல் அவர் குறைக்க முடியாது. பேப்பரையும் பிளேட்டையும் அவரும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். மிச்சம் பிடிக்கக்கூடிய பெரிய தொகை எல்லாம் பிரஸ் வாசலுக்கு இந்தப் பக்கம், உங்கள் ஹாஸ்டல் ரூமில், டிசைன் போட உட்காரும்போதே தீர்மானமாகிவிடுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆஃப்செட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் ரெண்டு நிமிஷம் பார்த்துவிடுவோம். கலர் பிரோஷர் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு... நாலே நாலு மைதான். இந்த நாலும் புள்ளிபுள்ளியாக விழுந்துதான் காலேஜ் முகப்பிலிருந்து பிரின்சிபால் கட்டியிருக்கும் டை வரை அத்தனை கலரையும் காட்டுகின்றன. ஒவ்வொரு மைக்கும் ஒரு அலுமினிய பிளேட். ஒரு பக்கத்துக்கு நாலு பிளேட், ரெண்டு பக்கம் என்றால் எட்டு. பிளேட்டை மெஷினில் மாட்டி, நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்காரும் வரை தாள்களை ஓட்டிப் பார்த்து, மை அளவைக் கூட்டிக் குறைத்து... இத்தனையும் முடிந்த பிறகுதான் முதல் நல்ல பிரதி வெளியே வரும். அதுவரை ஆன செலவு நீங்கள் 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் ஒன்றுதான். அதற்கப்புறம் சேருவது பேப்பரும் கொஞ்சம் மையும். மெஷின் ஓட்டும் கூலிக்குக்கூட பெரும்பாலான பிரஸ்களில் ஆயிரம் ஓட்டம் என்று ஒரு குறைந்தபட்சக் கணக்கு வைத்திருப்பார்கள்.

இங்கேதான் நாம் விழுகிற முதல் குழி இருக்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். (ரேட் ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். இந்த நம்பரைக் காட்டி பிரஸ்ஸில் சண்டை போடாதீங்க பாஸ்!) ஆரம்பச் செலவு 4,000 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு பிரதிக்கும் 2 ரூபாய். 500 அடித்தால் 5,000 ரூபாய், அதாவது ஒன்று 10 ரூபாய். 1,000 அடித்தால் ஒன்று 6 ரூபாய். 2,000 அடித்தால் ஒன்று 4 ரூபாய்தான்! "அண்ணே சொல்றார்டா, ரெண்டாயிரம் அடிச்சா பாதிக்கும் கீழே வந்துடுதாம்" என்று போனில் ஒரு குரல் குதிக்கும். செகரட்டரியும் ஓகே சொல்லிவிடுவார்.

நிஜத்தில் தேவைப்பட்டது 600 என்று வையுங்கள். 600-க்கு ஆகியிருக்கும் செலவு 5,200. ஆனது 8,000. பயன்பட்ட பிரோஷர் ஒவ்வொன்றும் 4 ரூபாய் இல்லை, 13 ரூபாய் சொச்சம். மிச்சம் 1,400 பிரோஷர் எங்கே போகும்? லேப் மூலையில், கழற்றிப் போட்ட சி.பி.யு.க்களுக்குப் பக்கத்தில் பண்டலாக உட்கார்ந்திருக்கும். 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் என்றால் அந்த 1,400-ன் எடை சுமார் 11 கிலோ. அடுத்த வருஷம் தேதி மாறிவிடும், எதற்கும் உதவாது. பழைய ரெக்கார்ட் நோட்டுகளோடு சேர்த்து எடைக்குப் போட வேண்டியதுதான். தென் மாவட்டக் காலேஜ் ஒன்றில் அப்படி எடைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கயிறுகூடப் பிரிக்காத பண்டல்கள்!

வீணான அந்த 2,800 ரூபாயை இன்னொரு விதமாகவும் பாருங்கள். கிளாஸில் தலைக்கு 150 ரூபாய் வசூல் என்றால், ஏறத்தாழ பத்தொன்பது பேர் கொடுத்த காசு அது. அந்தப் பத்தொன்பதில் ஒருத்தர் வீட்டில் கேட்க முடியாமல் மெஸ்ஸில் ரெண்டு நாள் டின்னரைக் கட் பண்ணிக் கொடுத்திருப்பார். ஒருத்தி பஸ் பாஸ் ரெனியூவலுக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பாள். லிஸ்ட்டில் டிக் போட்டு வாங்கிய டிரஷரருக்கு அது யார் யார் என்று தெரியும்.

அதனால் பிரஸ்ஸுக்குப் போன் போடும் முன்பு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். எந்தெந்தக் காலேஜுக்கு அனுப்பப் போகிறோம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை? 80 காலேஜ், தலா 5 என்றால் 400. நம்ம காலேஜ் போர்டுகள், ஸ்டாஃப் ரூம், ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ்கள் எல்லாம் சேர்த்து 150. ஸ்பான்ஸர்களுக்கு 30, கையிருப்பு 20. ஆக, 600. "ரவுண்டா ஆயிரமா போட்டுடலாமே" என்று யாராவது சொன்னால், மிச்ச 400-ஐ யாரிடம் கொடுப்பாய் என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். போகிற காலத்தில் காகிதம் எதுக்கு என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எச்.ஓ.டி. மேஜைக்கும் நோட்டீஸ் போர்டுக்கும் இன்னும் காகிதம்தான் போகிறது. ஓ.டி. லெட்டரோடு பின் பண்ணவும் பிரோஷர் வேண்டும். ஒரு காலேஜுக்கு ரெண்டு போதுமா, அஞ்சு வேண்டுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. ரெண்டு போதும் என்று முடிவெடுத்தால் அந்த 400 அப்படியே 160 ஆகிவிடும்.

எண்ணிக்கை இறங்க இறங்க, ஆஃப்செட்டே வேண்டுமா என்ற கேள்வி வரும். டிஜிட்டல் பிரின்டிங்கில் பிளேட் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தாளுக்கு. அதனால் ஆரம்பச் செலவு இல்லை, ஆனால் ஒவ்வொரு பிரதியும் விலை கூட. மேலே சொன்ன அதே கணக்கில், டிஜிட்டலில் ஒரு பிரதி 15 ரூபாய் என்று வைத்தால் 307 பிரதி வரைக்கும் டிஜிட்டல்தான் மலிவு. 308-லிருந்து ஆஃப்செட் முந்தும். உங்க ஊர் ரேட்டை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். ஆஃப்செட்டின் ஆரம்பச் செலவை, ரெண்டு முறைக்கும் ஒரு பிரதிக்கு உள்ள விலை வித்தியாசத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ்கூடத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. உங்க காலேஜ் எக்ஸாம் செல்லில் கொஸ்டின் பேப்பர் அடிக்க ரிசோகிராஃப் மெஷின் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பார்க்க ஜெராக்ஸ் மெஷின் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு மாஸ்டர் போட்டு நூற்றுக்கணக்கில் தள்ளும். ஒரு கலர்தான், வழவழ ஆர்ட் பேப்பரில் மை இழுவும், போட்டோ சுமாராகத்தான் வரும். ஆனால் நல்ல மஞ்சள் அல்லது இளம்பச்சை மேப்லித்தோ தாளில், பெரிய எழுத்தும் கோட்டு ஓவியமுமாக, கறுப்பில் அடித்துப் பாருங்கள். போர்டில் தொங்கும் இருபது பளபள பிரோஷர்களுக்கு நடுவில் அதுதான் கண்ணில் படும். ஒர்க் ஷாப், கிளப் இன்னாகரேஷன், ரத்ததான முகாம் மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, 600 ஆஃப்செட்தான் என்று முடிவு. அடுத்து சைஸ். "ஏ4" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிரஸ்ஸுக்குப் பேப்பர் ஏ4-ல் வருவதில்லை. டபுள் டெம்மி என்று 23-க்கு 36 இன்ச் பெரிய தாளாக வரும். அதைப் பாதியாக்கினால் டெம்மி, 18-க்கு 23. ஏ4-ன் நீளம் 11.69 இன்ச். 23 இன்ச்சில் அது ரெண்டு தடவை உட்காராது, அரை இன்ச்சுக்கும் குறைவான இடைவெளியில் தவறிவிடும். டெம்மியாகப் பாதி வெட்டி ஓட்டினால், எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு டபுள் டெம்மி தாளுக்கு ஆறு ஏ4-தான் கிடைக்கும், மிச்சம் கட்டிங் மெஷினுக்குக் கீழே குப்பை. அதையே எட்டரைக்குப் பதினொன்று இன்ச் என்று மாற்றுங்கள். உயரத்தில் முக்கால் இன்ச்சுக்கும் குறைவாகத்தான் போகும், அகலத்தில் ஒரு துளி கூடும். பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரே தாளில் எட்டு! மெஷின் தாளைக் கவ்விப் பிடிக்கிற கிரிப்பர் இடமும், ஓரம் வெட்டுகிற இடமும் போகத்தான் இந்தக் கணக்கு. ஆயிரம் பிரோஷருக்கு 125 பெரிய தாள் போதும் என்கிற இடத்தில் ஏ4-க்கு 167 தாள் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பேப்பர் கூடுதல், எதுக்கென்றே தெரியாமல்.

இதில் ஒரு நுணுக்கம். 25-க்கு 36 தாள் வைத்திருக்கிற பிரஸ் என்றால் ஏ4-ஏ எட்டு வந்துவிடும். ஆக, பிரஸ்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" இல்லை, "உங்ககிட்ட என்ன சைஸ் பேப்பர் இருக்கு, எந்த சைஸ்ல போட்டா வேஸ்ட் ஆகாது?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். ஆனால், டிசைனைத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். ஏ4-ல் போட்டு முடித்த டிசைனை அமுக்கிச் சுருக்கினால் எச்.ஓ.டி. முகம் இட்லி மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பிளேட் விஷயம். இருக்கிற எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எட்டு பிளேட் என்றேன் இல்லையா? அதை நாலாக்கலாம். டெம்மி தாளில் நாலு பிரோஷர் உட்காருகிறது. இடது பாதியில் முன்பக்கம் ரெண்டு, வலது பாதியில் பின்பக்கம் ரெண்டு என்று ஒரே பிளேட்டில் வைத்துவிடுவார்கள். ஒரு முறை ஓட்டி, மை காய்ந்ததும், தாளைப் புரட்டிப் போட்டு அதே பிளேட்டிலேயே மறுபடி ஓட்டுவார்கள். இப்போது முன்பக்கத்தின் முதுகில் பின்பக்கம், பின்பக்கத்தின் முதுகில் முன்பக்கம். வெட்டினால் நாலு முழு பிரோஷர். இதை 'ஒர்க் அண்ட் டர்ன்' என்பார்கள். பிளேட்டும் பாதி, மெஷினில் மாட்டிக் கழற்றிச் சரிசெய்யும் வேலையும் பாதி.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வேடிக்கையும் புரியும். "பின்பக்கத்தை மட்டும் பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டுட்டா மிச்சம்டா" என்று ஒரு சிக்கன சிகாமணி எல்லா டீமிலும் இருப்பார். முன்பக்கம் நாலு பிளேட், பின்பக்கம் ஒன்று, மொத்தம் அஞ்சு. ரெண்டு பக்கமும் கலரில் போட்டு புரட்டி ஓட்டினால் நாலுதான். கலர் போட்டதே மலிவு! ஆனால் பிரஸ்ஸில் இருப்பது டெம்மி தாள் எடுக்கிற மெஷினாக இருக்க வேண்டும். சின்ன மெஷின் என்றால் கணக்கு வேற. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளேட்டை வைத்து இன்னொரு வேலையும் செய்யலாம், இதுக்குக் கொஞ்சம் அரசியல் வேண்டும். ஒரே மாசத்தில் சி.எஸ்.இ., ஐ.டி., ஈ.சி.இ. மூணு டிபார்ட்மென்ட்டும் தனித்தனியா சிம்போசியம் நடத்துகிறீர்களா? முன்பக்கக் கலர் டிசைனை மூணு பேரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். சிம்போசியம் பெயர், தேதி, துறை, விவரம் என மாறுகிற எழுத்து எல்லாம் கறுப்பில் மட்டும். சயான், மெஜந்தா, மஞ்சள் பிளேட் மூணு பேருக்கும் பொது. கறுப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று. பக்கத்துக்குப் பன்னிரண்டு பிளேட் ஆக வேண்டியது ஆறில் முடியும். மூணு செகரட்டரியையும் ஒரே டிசைனுக்கு ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். அதுக்கு என்னிடம் வழி இல்லை.

எழுத்தெல்லாம் கறுப்பில் மட்டும் என்றேனே, கூட்டு சேராவிட்டாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்துகளைப் போட்டால், துளி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி கலர் நிழல் அடிக்கும். அதைவிட முக்கியம், பிளேட் போட்ட பிறகு தப்பு தெரிந்தால் கறுப்பு பிளேட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். எழுத்தை நீலத்திலும் பச்சையிலும் போட்டு வைத்திருந்தால் ஒரு போன் நம்பரைத் திருத்த ஒன்றுக்கு மேற்பட்ட பிளேட் புதுசாகப் போட வேண்டியிருக்கும்.

பேப்பருக்கு வருவோம். 170 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன், ஸ்பாட் யு.வி... இதெல்லாம் கார் கம்பெனி கேட்லாக்குக்கு. உங்க பிரோஷர் மூணு வாரம் போர்டில் தொங்கி, அப்புறம் யாரோ ஒருத்தருடைய ரஃப் நோட்டாகப் போகிறது. 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் தாராளம். மடித்தாலும் சுலபமாக மடியும். 170-க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்காமல் இருக்க முன்கூட்டியே கோடு அழுத்தும் கிரீசிங் வேண்டியிருக்கும், அதுக்குத் தனிக் காசு. ஒரு டபுள் டெம்மி ரீம் 130-ல் 35 கிலோவுக்குப் பக்கம், 170-ல் 45 கிலோவைத் தாண்டும். பேப்பர் விலை எடைக்குத்தான். தபாலிலும் எடைக்குத்தான் காசு, ஆக ரெண்டு இடத்தில் அடி. போட்டோவே இல்லாத பிரோஷர் என்றால் ஆர்ட் பேப்பர்கூட வேண்டாம், மேப்லித்தோ போதும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். கரும்புச் சக்கையிலிருந்து தயாரிக்கும் காகிதம் நம்ம ஊர் சரக்குதான்.

முழுப் பக்கமும் கன்னங்கரேல் பின்னணி, அதில் நியான் எழுத்து. இப்படி டிசைன் போடாத சி.எஸ்.இ. டிபார்ட்மென்ட் உண்டா? ஸ்கிரீனில் சூப்பர். காகிதத்தில் அவ்வளவு மையும் காய நேரம் பிடிக்கும், அடுக்கி வைத்தால் மேல் தாளின் முதுகில் ஒட்டும், மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும், விரல் ரேகை பதியும். அதை மறைக்க லேமினேஷன் கேட்பார்கள். ஒரு டிசைன் ஆசைக்கு நாலு இடத்தில் செலவு. தாளின் வெள்ளை இலவசம் சார்... அதை நிறைய பயன்படுத்துங்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு ரகசியம் சொல்லவா? உங்க போன வருஷ பிரோஷரை எடுத்துப் பாருங்கள். சீஃப் பேட்ரன், பேட்ரன், கோ-பேட்ரன், கன்வீனர், கோ-கன்வீனர், அட்வைஸரி கமிட்டி... பாதிப் பக்கம் அதுக்கே போயிருக்கும். நீக்கச் சொல்லவில்லை. நீக்கினால் சிம்போசியமே நடக்காது! போட்டோ இல்லாமல் பெயராக, சின்ன எழுத்தில், ஒரே பத்தியில் போடலாம் என்று கன்வீனர் சாரிடம் பணிவாகக் கேட்கலாம். ஈவன்ட் ரூல்ஸை எல்லாம் வெப் பேஜுக்கு அனுப்பிவிட்டு க்யூ.ஆர். கோட் வைக்கலாம். ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். காசு கட்டாவிட்டால் பாதியில் செத்துப்போகும் டிரையல் க்யூ.ஆர். வேண்டாம், நேரடியாக லிங்க்கையே கோடாக்குங்கள். நாலு பக்க மடிப்பு பிரோஷர் ஒரே தாளாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைல் கொடுப்பதிலும் காசு இருக்கிறது. ஸ்கிரீன் கலரான ஆர்.ஜி.பி.யில் கொடுத்தால் பளீர் நீலம் அச்சில் மங்கிப்போகும். வெட்டு ஓரத்துக்கு வெளியே மூணு மில்லிமீட்டர் டிசைன் நீள வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த காலேஜ் லோகோவை இழுத்துப் பெரிசாக்காமல் ஒரிஜினலை ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் அடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. நாம் போனில் டைப் பண்ணுவது யுனிகோட். பல பிரஸ்களின் டி.டி.பி. கம்ப்யூட்டரில் இன்னும் பழைய பேஜ்மேக்கர், பழைய கோரல் டிரா, அதில் பழைய தமிழ் ஃபான்ட்கள். நீங்கள் அனுப்பிய மேட்டர் அங்கே போய்த் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உடனே, "தம்பி, திரும்ப அடிச்சுக்கிறோம்" என்பார்கள். டைப்பிங் சார்ஜும் உண்டு, புதுப் பிழைகளும் உண்டு. நீங்களே முழு டிசைனையும் முடித்து, எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். ஆகக் கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இப்போது ப்ரூஃப். இதுவரை மிச்சம் பிடித்த அத்தனையும் ஒரே நொடியில் காலியாகிற இடம் இதுதான். ஒரு காலேஜில் எச்.ஓ.டி. அப்போதுதான் பிஎச்.டி. முடித்திருந்தார். பிரோஷரில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லை. போன வருஷ ஃபைலில் இருந்து காப்பி அடித்திருக்கிறார்கள்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லப்பா" என்றுதான் சொன்னாராம். ஆனால் அந்தப் 'பரவாயில்லப்பா'வைக் கேட்ட யாருக்கும் அதை வெளியே அனுப்பத் தைரியம் வரவில்லை. முழுசா ரீபிரின்ட்.

ப்ரூஃபைப் போனில் பார்க்காதீர்கள், பிரின்ட் எடுங்கள். ஒருத்தர் ஒரிஜினலைச் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தர் ப்ரூஃபில் விரல் வைத்து வர வேண்டும். டிசைன் போட்டவர் இந்த ரெண்டு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது. அவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. போன் நம்பரை வாசிக்காதீர்கள், டயல் பண்ணிப் பாருங்கள். தேதிக்கும் கிழமைக்கும் காலண்டரைப் பாருங்கள். கடைசித் தேதி, சிம்போசியம் தேதிக்கு முன்னாடிதான் வருகிறதா? இனிஷியல், பட்டம், பதவி மூன்றையும் ஆபீஸ் லிஸ்ட்டோடு ஒப்பிடுங்கள். க்யூ.ஆர். கோடை ப்ரூஃப் தாளிலேயே, நாலு வேற வேற போனில் ஸ்கேன் பண்ணுங்கள். எல்லாம் சரி என்றால் கன்வீனர் சாரிடம் கையெழுத்து வாங்குங்கள். அது உங்களைக் காப்பாற்றும் கையெழுத்து. இன்னும் உறுதியாகாத சீஃப் கெஸ்ட் பெயரைப் போடவே போடாதீர்கள். வருகிறவர் வந்த பிறகு ஃபிளெக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரமும் காசுதான். சிவகாசியில் அடித்தால் சல்லிசு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் அடிக்கிறவர்களுக்கு அது உண்மை. 600 பிரோஷருக்கு, பார்சல் செலவும் கூரியர் ப்ரூஃபும் சேர்த்தால் உங்க ஊர் பிரஸ்ஸே தேவலாம். தவிர, ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற ஊர் அது. தீபாவளி முடிந்து பொங்கல் வரை காலண்டர், டைரி அவசரத்தில் உங்க வேலையைச் சீந்த மாட்டார்கள். உள்ளூர் பிரஸ்ஸிலும் முகூர்த்த மாசத்தில் கல்யாணப் பத்திரிகை கூட்டம். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். பத்து நாள் அவகாசம் கொடுத்தால், பலருடைய வேலைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டுகிற இடத்தில் உங்களுடையதையும் சேர்த்துவிடுவார்கள். பிளேட் செலவு எல்லோருக்கும் பங்காகும். பேப்பர், சைஸ், எண்ணிக்கை எல்லாம் அவர்கள் சொன்னதுதான். உங்க காலேஜ் மெரூன் கொஞ்சம் பிரவுனாக வந்தால் கேட்க முடியாது, பக்கத்து வேலையின் கலரும் அதே மையில்தான் ஓடுகிறது. எனக்கு அது ஓகே. "நாளைக்கே வேணும்ணே" என்று போய் நின்றால் இந்தச் சலுகை கிடையாது.

கொட்டேஷன் மூணு இடத்தில் வாங்குங்கள், எழுத்தில். டிசைன், பிளேட், பேப்பர், அச்சு, கட்டிங், மடிப்பு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். காலேஜ் அக்கவுன்ட்ஸ் ஆபீஸில் முறையான பில் இல்லாமல் ரீஇம்பர்ஸ்மென்ட் தர மாட்டார்கள். அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம்.

டெலிவரி எடுக்க ரெண்டு பேராகப் போங்கள். ஒரு பண்டலைப் பிரித்து நூறு எண்ணிப் பாருங்கள், அந்த உயரத்துக்கு மற்றதை அளந்துகொள்ளலாம். நடுவிலிருந்து நாலைந்தை உருவி ரெண்டு பக்கமும் பாருங்கள், மேலே இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். ஓட்டத்தில் கூடுதலாக வந்த இருபது முப்பது பிரதி இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், பேப்பர் உங்க காசு. ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது பண்டலைக் கால் வைக்கிற இடத்தில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்ட் பேப்பரில் ஈரம் பட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது.